செத்த செடியில் பூ

"லண்டன்ல எம்மவ செத்த செடியில பூப் பறிக்கிறா லா."

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு ரப்பர் தோட்டத்துப் பெண்கள். சொன்னது மூத்தவர்.

"செத்த செடியிலயா, அக்கா?"

"வாசல்ல பனிக்கு வெறும் குச்சியா நின்னுச்சாம். வீட்டுக்கு ஆகாது, பிடுங்கிப் போடுடின்னு போன்ல கத்துனேன். 'தூங்குதும்மா. நீ சீவுற பால்மரம் வருசா வருசம் இலை கொட்டி மொட்டையா நிக்குதே, அதப் பிடுங்குனியா'ன்னு கேட்டா."

இளையவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்புறம்?"

"இப்ப ஊதாவும் மஞ்சளுமா பூத்துக் கெடக்காம். ஒரு தடவ நட்டா போதும், வருசா வருசம் தானா வருமாம். கொல்லைக்கும் அதே மாதிரி பாத்துப் பாத்து வாங்கி, மாப்பிள்ளைய நடச் சொல்லியிருக்கா. ரோசா வேணாமாம், அதுக்குக் குனிஞ்சு குனிஞ்சு வேலை செய்யணுமாம்."

"குனியறதுக்குமா சோம்பல்?"

"சோம்பல் இல்லடி. மாசமா இருக்கா. வயிறு இடிக்குதாம்."

இளையவள் துள்ளி எழுந்ததில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அக்கா! இத மொதல்ல சொல்லாம, ஈஜோக்குல பஸ் ஏறுனதுலேருந்து செடிக் கதையா சொல்லிக்கிட்டு வர்றீங்க?"