மாப்பிள்ளையை வேகவைத்த காடி

மெய்யம்மை: ...இட்லிப் பானைய இங்கேயே கொண்டு வந்துரவாண்ணே? சீட்டுல வச்சாலே வெந்துரும்.

மருதப்பன்: ஸ்பானர் கேட்டேன். இட்லி கேக்கல.

மெய்யம்மை: இந்தாங்க. காஜா பேராங் தெரு முழுக்க நிழல் தேடுது. நம்ம வீட்டுல மட்டும் மலாக்கா வெயில் பத்தலைன்னு காடிக்குள்ள அடுப்பு.

மருதப்பன்: அடுப்பு இல்ல, ஹீட்டர். ஜெர்மன்காரன் பனியில ஓட்டுறதுக்காகச் செஞ்ச காரு இது.

மெய்யம்மை: மெர்டேக்கா ஆன கையோட அந்தத் துரை ஏன் இதை வித்துட்டுக் கப்பலேறினாருன்னு இப்பத்தான் புரியுது. சுதந்திரத்துக்குப் பயந்து இல்ல... இந்தக் காடிக்குப் பயந்து.

மருதப்பன்: கொஞ்சம் கேளேன். எஞ்சின் பின்னாடி இருக்கு. தண்ணி ஊத்திக் குளிர வைக்கிற எஞ்சின் இல்ல, எல்லாம் காத்துதான். ஃபேன் அடிக்கிற காத்து புகைக்குழாயைச் சுத்தி வரும், சூடாகும், அப்புறம் இந்தக் குழாய் வழியா...

மெய்யம்மை: நம்ம காலைப் பொசுக்கும்.

மருதப்பன்: பொசுக்கக் கூடாது. உள்ள இருக்கிற குமிழைத் திருகினா இங்க மூடி மூடிக்கணும். சூடு வெளிய போயிரும். வலது பக்கம் மூடுது. இடது பக்கம்...

மெய்யம்மை: துருப்பிடிச்சிருக்கும். பழைய காடிதானே. விடுங்கண்ணே, நாளைக்குப் பார்த்துக்கலாம்.

மருதப்பன்: நாளைக்கா? மத்தியானம் தம்பின் ஸ்டேஷனுக்குப் போகணும். ரயில் நமக்காகக் காத்திருக்குமா?

மெய்யம்மை: ஏன், கோலாலம்பூர் மாப்பிள்ளை தம்பின்ல இருந்து இங்க வர்ற வரைக்கும் சூடு தாங்க மாட்டாரா?

மருதப்பன்: ஈப்போ மாப்பிள்ளை தாங்கலையே! தம்பின்ல ஏறும்போது கோட்டு, டை. இங்க இறங்கினதும் கோட்டைப் பிழிஞ்சாரு.

மெய்யம்மை: ஆத்தா பாவம், காப்பித் தட்டை வச்சுட்டு விசிறிய எடுத்துச்சு.

மருதப்பன்: பொண்ணு பார்க்க வந்த மனுஷன் உன்னையே பார்க்கல. தண்ணி, தண்ணின்னு கேட்டுட்டு வாடகைக் காடி பிடிச்சுப் போயிட்டாரு.

மெய்யம்மை: எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா?

மருதப்பன்: தெரியும். நீ உள்ள சிரிச்ச சத்தம் ஜாலான் பெண்டஹாரா வரைக்கும் கேட்டுச்சு.

மெய்யம்மை: அது அழுகைண்ணே.

மருதப்பன்: சரி சரி. டார்ச்சைக் கீழ பிடி... இன்னும் கீழ... ஓ!

மெய்யம்மை: என்ன ஓ?

மருதப்பன்: துரு இல்ல. மூடியத் திறந்து வச்சு யாரோ ஊசி செருகியிருக்காங்க.

மெய்யம்மை: துரையா இருக்கும்.

மருதப்பன்: துரை கொண்டை போட்டிருந்தாரோ? இது கொண்டை ஊசி. ஒருவேளை ஆத்தாவோடதோ? கூப்பிட்டுக் கேக்கவா?

மெய்யம்மை: ஐயோ, வேணாம்ணே! சத்தம் போடாதீங்க... நான்தான்.

மருதப்பன்: இதுக்குள்ளயா கைய விட்ட? சுடலையா?

மெய்யம்மை: சுட்டுச்சு. ரசம் கொட்டிருச்சுன்னு சொன்னேனே... அது ரசம் இல்ல.

மருதப்பன்: அந்த ரசத்துக்கு மருந்து வாங்க நான் ஓடினேன்.

மெய்யம்மை: வேற என்ன செய்யச் சொல்றீங்க? பினாங்கு டீச்சர் காலேஜுல இடம் கிடைச்சிருக்கு. பெத்த அப்பச்சிகிட்ட எத்தனை தடவை கேட்டேன்! 'கல்யாணம் ஆகட்டும், புருஷன் வீட்டுல கேட்டுக்கோ'ன்னு முடிச்சிட்டாங்க. நாளன்னைக்குள்ள நான் போய்ச் சேரலைன்னா என் இடத்துல வேற ஒருத்தி உக்காந்திருப்பா.

மருதப்பன்: அதனால வர்றவங்களை எல்லாம் வேக வச்சு அனுப்புற.

மெய்யம்மை: நீங்க எனக்காகப் பேசியிருந்தா நான் ஏன் காடிக்கு அடியில புகுறேன்? அண்ணன்னு பேருதான். அப்பச்சி முன்னாடி உக்காந்தா ஊறுகாய் கேக்கக்கூட வாய் வராது உங்களுக்கு.

மருதப்பன்: ஊறுகாய் எனக்குப் பக்கத்துலதானே இருக்கும்?

மெய்யம்மை: விளையாடாதீங்கண்ணே... அந்த ஊசியத் திருப்பிச் செருகிருங்க. இன்னைக்கு மட்டும்.

மருதப்பன்: முடியாது. மூடிய மூடிக் கம்பி போட்டு முறுக்கியாச்சு. குழாய் வாயில தகரமும் வச்சாச்சு. இனிமே காடிக்குள்ள வெயில் சூடு மட்டும்தான்.

மெய்யம்மை: அவ்வளவு முக்கியமா போயிட்டாரா உங்களுக்கு அந்த மாப்பிள்ளை?

மருதப்பன்: அவரு வரல.

மெய்யம்மை: என்னது?

மருதப்பன்: வர வேணாம்னு நேத்தே தந்தி போயிருச்சு. தம்பினுக்குப் போறது உன்னை ரயிலேத்தி விட. பினாங்கு போற பொண்ண வேக வச்சா அனுப்புவாங்க? ஆத்தா உள்ள உன் பெட்டியத்தான் அடுக்கிட்டு இருக்கு.

மெய்யம்மை: அண்ணே... பொய் சொல்லாதீங்க. தந்தி யாரு அடிச்சது?

மருதப்பன்: அப்பச்சி.

மெய்யம்மை: அப்பச்சியா! நீங்களா பேசினீங்க? அப்பச்சி எப்படிண்ணே ஒத்துக்கிட்டாங்க?

மருதப்பன்: முந்தாநாள் அப்பச்சியத் தெங்கேராவுக்குக் கூட்டிட்டுப் போனேன்ல... சரியான மழை, கண்ணாடிய இறக்க முடியாது. உன் கைவேலைய அதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன், ஆனா ஊசியத் தொடல. மெதுவா ஓட்டிக்கிட்டே உன் பேச்சை எடுத்தேன். வீடு வந்தும் நான் திருப்பல... 'அவ படிக்கட்டும்டா, முதல்ல காடிய நிறுத்து'ன்னு அப்பச்சி கத்துற வரைக்கும்.