முழங்கால் வலி இல்லை

— உக்காருங்க பாக் ஹர்யோ, கோச்சய்யா. என்னாலதான் முடியாது, உங்களுக்கு என்ன?

— கிண்டல் வேறயா? எழுந்திரு கினாசி. வண்டி வெளிய நிக்குது. ஞாயித்துக்கிழமை பந்தயம், நீ ஆஸ்பத்திரியில குப்புறப் படுத்துத் தலகாணியக் கட்டிக்கிட்டு கெடக்குற.

— நான் வரல.

— அட, போன தடவையும் வீங்குச்சே! கீறிச் சீழ எடுத்தாங்க, மறு வாரமே தவாங்மங்கு மலையில சைக்கிள மிதிச்ச. சும்மா சொல்லக் கூடாது மகளே, பறந்த! இப்பவும் லேசா கீறிவிடச் சொல்லு, போதும்.

— அதே இடத்துல மறுபடி வந்திருக்கு பாக். உள்ளேருந்து தோல் வரைக்கும் குழாய் மாதிரி வழி விட்டிருக்காம். பௌத்திரம்.

— சீட்டுல உரசுனா வர்ற கட்டிதான். எத்தன பேருக்குப் பாத்திருக்கேன்!

— உரசல் புண்ணு வேற, இது வேற. ஆசனவாய்க்குள்ள சுரப்பி அடைச்சு சீழ் கோத்துக்கிறது. கீறி விட்டாலும், மூணுல ஒருத்தருக்காவது பின்னால பௌத்திரம் ஆகுமாம். கசிவு நிக்கலன்னா ஓடி வான்னு டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க. கசிஞ்சுது. உங்ககிட்டதான் சொன்னேன். மாத்திரையத் திணிச்சு மலை ஏத்தினீங்க.

— நல்ல மாத்திரைதானே குடுத்தேன்?

— மாத்திரைக்கு அந்த வழி மூடாது. சீழ் வடிய அந்த வழியில நூல் கோத்து விடப் போறாங்க, மாசக்கணக்குல ஆறணும். அவசரமா வெட்டினா மலத்த அடக்குற தசை போயிடும். காலம் பூரா துணி கட்டிக்கிட்டுத் திரியவா?

— தேர்வுக் குழு வருதும்மா! இத விட்டா உன்ன யாரு கூப்புடுவா?

— கூப்புடலன்னா போகட்டும்.

— சரி, ஒண்ணே ஒண்ணு கேளு. பத்திரிகைக்காரங்ககிட்ட முழங்கால் வலின்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லிடு.

— காலையிலயே வந்தாங்க. ஆசனவாய்ப் பக்கம் சீழ்க்கட்டி, பௌத்திரம் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேன். ஒருத்தன் எழுதாம முழிச்சான். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

— அடிப்பாவி! சோலோ ஊரே சிரிக்கும். உங்கப்பா பள்ளிவாசல்ல எப்படித் தலை காட்டுவாரு?

— நான் வெந்நீர்ல உக்கார்றதுக்குப் பெரிய பேசின் வாங்க அவர்தான் கடைக்குப் போயிருக்காரு. தலையில கவுத்துக்கிட்டு வந்தாலும் வருவாரு.

— உனக்காவது வெக்கம் வேணாம்?

— முழங்காலும் என் உடம்பு, இதுவும் என் உடம்பு. வெக்கப்பட்டு மறைச்சு மறைச்சுத்தான் இங்க வந்து படுத்திருக்கேன். இனிமே மாட்டேன்.

— படு, நல்லா படு! நீ இல்லன்னா பந்தயம் நின்னுடுமா? உன் இடத்துல, உன்கூட ஓட்டுறாளே ராத்ரி, அவள எறக்குறேன். அவ இரும்பு. ஒரு நாள் வலின்னு வாயத் தொறந்ததில்ல.

— பாக் ஹர்யோ...

— யாரது? அந்தத் திரைக்குப் பின்னால யாரு? ராத்ரி, நீயா? நீ இங்க என்ன பண்ற?

— நேத்துதான் எனக்கும் கீறி சீழ் எடுத்தாங்க. இந்த அசிங்கம் எனக்கு மட்டும்தான்னு நெனச்சுப் பொத்தி வெச்சிருந்தேன். அந்தப் பத்திரிகைக்காரங்க இன்னும் வெளிய நின்னா உள்ள அனுப்புங்க பாக், என் பேரையும் சேத்து எழுதிக்கட்டும்.