சோதனையின்போது கை வைக்கக் கூடாது

வீடு கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியானால் சுவர் பூசுவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுவது நல்லது. பூசிய பிறகு யோசிக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் வைஃபையில்தான் போய் விழுகிறார்கள், வயது ஏறிவிட்டதே என்று செய்துகொள்ளும் கல்யாணம் மாதிரி.

விளக்கு, மின்விசிறி, கதவு, அழைப்பு பட்டன் எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பாஷை வேண்டும். அதற்குத்தான் நெறிமுறை என்று பெயர். புளூடூத்துக்கு அடுத்த அறைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும். வைஃபை ஒரு தீனிப்பண்டாரம். புது பேட்டரியைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்கும். இசட்-வேவ் நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஆனால் கடையில் கேட்டால் “சொல்லி வைங்க, வரவழைச்சுத் தர்றேன்” என்பார்கள். நான் எடுத்தது ஜிக்பீ. மின்சாரத்தில் எரியும் ஒவ்வொரு பல்பும் தனக்கு வந்த செய்தியை அடுத்த பல்பிடம் கைமாற்றிவிடும். கடைசி அறையில் கிடக்கும் ஒரு சின்ன பட்டன்கூட, பல்பு பல்பாகத் தாவி, கூடத்தில் இருக்கும் தலைமைப் பெட்டிக்கு வந்து சேரும். அங்கிருந்து என் கைபேசிக்கு.

இதை விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே உட்காரவைத்துத் திரையில் படம் போட்டுக் காட்டினேன். நான் பம்பு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் தலைவன். எதையும் படம் போட்டுச் சொல்லித்தான் பழக்கம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் மனைவியின் அண்ணன் மட்டும் கையைத் தூக்கினார்.

“அதாவது மாப்ளே, மூணாவது வீட்டு அக்கா ரெண்டாவது வீட்டு அக்கா காதுல போட, அவங்க நம்ம வீட்ல வந்து சொல்ற மாதிரி.”

“கிட்டத்தட்ட அப்படித்தான் மச்சான்.”

“நடுவுல இருக்கற அக்கா ஊருக்குப் போயிட்டா?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா, அதாவது என் மாமனார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நீ கேட்டதுக்கு எங்க பல்பு மாப்பிள்ளை அடுத்த வாரம் இன்னொரு படம் போட்டுக் காட்டுவாருடா” என்றார். அந்தப் பெயர் அன்றே எனக்கு ஒட்டிக்கொண்டது. நான் அவர் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. வீடு அவருடையது, பல்பு மட்டும் என்னுடையது. எனக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. வருத்தத்தை வைத்துக்கொண்டு தரக்கட்டுப்பாடு பார்க்க முடியாது.

பிறகு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. லாரி கம்பெனியில் மேலாளராக இருந்தவர். அவர் ஒரு அதட்டல் போட்டால் தெருமுனையில் வண்டி நிற்கும் என்பார்கள். அந்தக் குரல் போய்விட்டது. இடது பக்கமும் போய்விட்டது. மிச்சம் இருந்தது வலது கை. தொண்டையில் அடிக்கடி சளி அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் யாராவது ஓடிவந்து நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தட்டிவிட்டால் சரியாகிவிடும். வரத் தாமதமானால் சரியாகாது. இதை மருத்துவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கட்டில் கம்பியில் ஒரு மணியைக் கட்டிவைத்திருந்தாள். கயிற்றை இழுத்தால் தெருவுக்கே கேட்கும். நான் அதைக் கழற்றினேன். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்கக் கூடாது. பட்டனும் இருந்து மணியும் இருந்தால் எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? பட்டனை மாமாவின் உள்ளங்கைக்குப் பக்கத்தில், கட்டில் சட்டத்தில் ஒட்டினேன். அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். என் கைபேசியும் மனைவியின் கைபேசியும் ஒன்றாக அடிக்கும். அத்தையின், அதாவது என் மாமியாரின், கைபேசியில் அதெல்லாம் ஏறாது, பழைய பொத்தான் போன்.

நன்றாகவே வேலை செய்தது. அத்தைதான் இடையில் வந்தார்.

பகலில் விளக்கு எரிந்தால் அத்தைக்குப் பொறுக்காது. மாமாவின் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நீண்ட நடைவழி. அங்கே ஒரே ஒரு பல்பு. அதன் ஒளியை நான் கைபேசியில் குறைத்து வைத்திருப்பேன். ஒளி குறைந்தாலும் உள்ளே உயிர் இருக்கும், செய்தியைக் கைமாற்றும். சுவரில் இருக்கும் ஸ்விட்சைத் தட்டிவிட்டால் அந்த உயிரும் போய்விடும். அத்தை போகிற போக்கில் தட்டிவிட்டுப் போவார். அந்தக் கைக்கு அது மூச்சு விடுவதைப் போல. செய்தோமா இல்லையா என்பது அவருக்கே தெரியாது.

ஸ்விட்சின் மேல் நாடா ஒட்டினேன். உரித்துவிட்டார்.

“எதுக்கு மாப்பிள்ளை இதைப் போய் ஒட்டி வச்சிருக்கீங்க? பாக்கவே அசிங்கமா இருக்கு.”

“தட்டித் தட்டி ஸ்விட்சு கெட்டுடும் அத்தை.”

“நாப்பது வருஷமா தட்டறேன், கெடல. உங்க பல்பு வந்துதான் கெடப்போகுதாக்கும்.”

உண்மைக் காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் மச்சானுக்குப் போன் போகும். நடுவில் இருக்கிற அக்கா ஊருக்குப் போய்விட்டாள் என்று அவர் வீடு முழுக்கக் கெக்கலிக்கும்.

ஒருநாள் அப்படியே ஆனது. அத்தை விளக்கை அணைத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டார். மாமா பட்டனை அழுத்தியிருக்கிறார், யாரும் வரவில்லை. என் மனைவி வேலையிலிருந்து திரும்பியபோது அவர் நனைந்த படுக்கையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் என்னிடம் கேட்டாள்.

“என்னங்க, பட்டன் வேலை செய்யலையா?”

“பட்டன் நல்லாத்தான் இருக்கு. அப்பாதான் சரியா அழுத்தல.”

ஒரு குறையைக் கண்டால் முதலில் பயன்படுத்துகிறவரைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் துறையில் அதுதான் வழக்கம். அதனால் மாமாவுக்குப் பயிற்சி கொடுத்தேன். தினமும் அலுவலகம் போகும் முன் அவர் விரலைப் பிடித்து, “விரல் நுனியால வேண்டாம் மாமா, விரலை நல்லாப் பதிச்சு. டிக்குனு கேக்கணும். கேட்டா விட்டுட்டு மறுபடி அழுத்துங்க” என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு அழுத்துவார். பேச்சு இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். நன்றாகக் கற்றுக்கொண்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

படுக்கை நனைந்த விஷயம் மச்சான் காதுக்கும் போனது. அவர் விடவில்லை. போனில் கூப்பிட்டார்.

“மாப்ளே, ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்த நடு பல்ப அணைச்சுட்டு அப்பாவ அழுத்தச் சொல்றேன். உங்க போனு அடிச்சா நானும் என் வீட்டுக்கு அதையே போடறேன். அடிக்கலேன்னா, கோவிச்சுக்காதீங்க, மறுபடியும் மணியக் கட்டிருவோம்.”

“தாராளமா வாங்க மச்சான்.”

நான் ஒரு கைமாற்றுக் கருவி வாங்கிச் சமையலறை பிளக்கில் சொருகினேன். நடைவழி பல்பு அணைந்தாலும் செய்தி சமையலறை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். வருமா என்பதைச் சோதித்துப் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் முன்னால் நிற்க முடியாது.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். அத்தை காய்கறி வாங்கப் புறப்பட்டார். அந்த விளக்கை அணைத்தால் பட்டன் அடிக்காமல் போகலாம் என்று மச்சான் அவரிடமும் போனில் சொல்லியிருந்தார். போகும்போது நடைவழி ஸ்விட்சின் பக்கம் போன கையை அவரே இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். “தொடலப்பா, தொடல” என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

நான் போய் அதை அணைத்தேன்.

நானே உள்ளே சென்று பட்டனை அழுத்திப் பார்ப்பதாகத்தான் எண்ணம். கைபேசியைப் பார்த்தபடி நடைவழியில் நின்றேன், கருவிகள் புது வழி கண்டுபிடிக்கக் கொஞ்சம் அவகாசம் தரவேண்டும் அல்லவா? அப்போது உள்ளே ‘டிக்’ என்றது.

எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. செயற்கையாகச் செய்யும் சோதனையைவிட, உண்மையான ஆள், உண்மையான தேவைக்காகச் செய்வது மேலானது. கைபேசியைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி ‘டிக்’. ஒன்றும் வரவில்லை. கதவு ஒருக்களித்திருந்தது. கட்டில் சட்டமும் மாமாவின் கையும் தெரிந்தன. விரலை நன்றாகப் பதித்து, சத்தம் கேட்டதும் விட்டு, மறுபடி அழுத்தினார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிசகும் இல்லாமல். சளி அடைத்த தொண்டை எப்படி ஒலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒலியும் கேட்டது.

நீங்கள் இங்கே நிமிர்ந்து உட்கார்கிறீர்கள். எங்கள் தொழிற்சாலைக்கு ஒருமுறை வந்து பாருங்கள். பம்பு சோதனை மேடையில் ஓடும்போது நீர் கசியலாம், புகை வரலாம். யாரும் கிட்டே போய்க் கை வைக்க மாட்டார்கள். கை வைத்தால் அந்தச் சோதனை செல்லாது; முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே அதுதான். நான் உள்ளே போயிருந்தால் கைபேசி அடித்துப் போனேனா, காதால் கேட்டுப் போனேனா என்ற குழப்பம் வந்திருக்கும். காது அந்த அமைப்பில் ஓர் உறுப்பு அல்ல.

சத்தங்களுக்கு இடையில் இடைவெளி கூடியது. பிறகு நின்றது. நின்ற பிறகும் நான் உடனே நகரவில்லை. புது வழி பிடிபட சில சமயம் நேரமாகும், அவசரப்பட்டு முடிவு எழுதக் கூடாது. கடைசிவரை செய்தி வரவில்லை. கைமாற்றுக் கருவியின் எல்லை போதவில்லை. இன்னொன்றைக் குளியலறைப் பக்கம் வைக்க வேண்டும். அதுதான் முடிவு. கருவியைப் பிளக்கிலிருந்து கழற்றிக்கொண்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஸ்விட்சைத் திரும்பப் போட வேண்டும் என்று தோன்றவில்லை. சோதனை முடிந்த இடத்தை அப்படியே விட்டு வைப்பது பழக்கம்.

அத்தைதான் முதலில் பார்த்தார். காய்கறிப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். நான் வெளியே வந்தபோது அவர் நடைவழியில் நின்று ஸ்விட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அணைக்கலையே மாப்பிள்ளை. இல்ல, அணைச்சுட்டேனா? கை போச்சு. போனது ஞாபகம் இருக்கு. அணைச்சுட்டேனா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் பதிலை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். சுவரில் தலையை முட்டிக்கொண்டவரை என் மனைவி வந்துதான் பிடித்தாள்.

இந்த விஷயம் அதோடு முடிந்திருக்கும். என் கைபேசியை எப்படிக் குடைந்தாலும் அழைப்பு எதுவும் வரவில்லை என்றுதான் இருக்கும், அது உண்மையும்கூட. எனக்குத் தகவல் வரவில்லை. ஆனால் மச்சான் உங்களிடம் கொடுத்த புகாரில் ஜிக்பீ நம்பத் தகாதது, அதுதான் தன் அப்பாவைக் கொன்றது என்று எழுதியிருக்கிறார். சொந்தக்காரர்கள் வட்டாரம் முழுக்க அதையே பரப்பிக்கொண்டிருக்கிறார். மின்சாரத்தை நிறுத்திய பல்பு எந்த நெறிமுறையில்தான் வேலை செய்யும்? அதைப் பொறுத்துக்கொள்ள முடியாமல்தான் யாரும் கூப்பிடாமல் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஸ்விட்சை அணைத்தது நான். பட்டன் சத்தம் எனக்குக் கேட்டது, மூச்சுத் திணறலும் கேட்டது. கதவுக்கும் எனக்கும் நடுவில் எட்டிப் பிடிக்கும் தூரம்தான். போகவில்லை. நெறிமுறையின் மேல் எந்தக் குறையும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அத்தைக்கு இதைத் தெரிவிக்க வேண்டாம். சாப்பிடாமல் கிடக்கிறார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைக் கூப்புகிறார். சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும், “நீங்க வேணும்னேவா செஞ்சீங்க அத்தை, நான் மன்னிச்சுட்டேன்” என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்குவது மரியாதையாக இருக்காது.