அத்தான் கட்டின கடல் தொட்டில்

எரியும் தம்பி, எரியும். மொதல்ல டீயைக் குடிங்க. எங்க வீட்டுக்காரவுக ஒங்களக் கூட்டியாரத்தான் விடியமுன்னயே ஸ்டேஷனுக்குப் போனாவ, புதுச் சட்ட போட்டுக்கிட்டு. நீங்க என்னடான்னா ஆட்டோ புடிச்சு நேரா வீட்டுல வந்து நிக்கிய. போன் பண்ணிட்டேன், வந்துருவாவ.

எரியாத அந்தப் பல்பையே பாக்காதீங்க, அதுக்கு வெக்கமா இருக்கும்.

இன்பமணி மூளையப் பத்தி ஒங்க மெட்ராஸ் காலேஜுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. எனக்குக் கல்யாணம் ஆன மறுநாளே தெரியும். முன்ன ஒரு காத்தாடி செஞ்சாவ. நிலக்கரி லாரி போற ரோட்டோரம் நட்டா, லாரிக் காத்துல சுத்தும், கரண்டு வரும்னு. சுத்துச்சு, பொய் சொல்லப்படாது. சுத்துன வேகத்துல பறந்துபோயி உப்பளத்துல விழுந்துட்டு. அப்புறம் அந்த உப்பளத்துல உப்பு வாரி மிஞ்சுன கசட்டுத்தண்ணிய என் சோத்துப் பானையில ஊத்தி, தகடு சொருவி வச்சாவ. கரண்டு வந்துது. பானை போயிட்டு.

இது அப்படியில்ல. சன்னல் வழியாப் பாருங்க, கரையில சைக்கிள் சக்கரமா வரிசையா நிக்கில்லா? கட்டிக் கெடக்க மீன்புடி வள்ளம் அலைக்கு ஆடும்லா, ஆடும்போது கயிறு சக்கரத்த இழுக்கும், சக்கரம் டைனமோவச் சுத்தும், கரண்டு வயர்ல ஏறி இங்க வந்துரும். எந்தம்பி பால்துரை வள்ளக்காரன். அத்தான் கடலுக்குத் தொட்டில் கட்டுதாருன்னு தெருப் பூரா சொல்லிச் சிரிச்சான். பல்பு எரிஞ்ச அன்னிக்கு அதுக்கு அடியில நின்னு மொத போட்டோ எடுத்துக்கிட்டதும் அவந்தான்.

பேட்டரியா? நானுஞ் சொன்னேன். சேத்துவச்சு எரிச்சா அது பழைய சோறுங்காவ. கடல் இப்ப ஆடணும், பல்பு இப்ப எரியணுமாம்.

ஆமா, இருபத்திநாலு மணி நேரமும் எரியும்னுதான் ஒங்களுக்கு எழுதுனாவ. அதுக்குத்தான் இவ்வளவு நேரமா ஒங்களுக்கு டீ ஊத்திக்கிட்டே இருக்கேன். அவுக இருட்டோட ஹார்பருக்குக் கிரேன் வேலைக்குப் போவாவ, இருட்டித்தான் வருவாவ. போவும்போதும் எரியும், வரும்போதும் எரியும். ஞாயித்துக்கெழம எங்காளுக கடலுக்குப் போவமாட்டாவ, பூசைக்குப் போயிட்டு வீட்டுல கெடப்பாவ, அன்னிக்குப் பூராவும் எரியும். மத்த நாள் பகல்ல வள்ளமெல்லாம் கடல்ல கெடக்கும். கயிறு எத இழுக்கும்? அத்தன மூளைக்கு இது மட்டும் ஓடல. நானுஞ் சொல்லல. சாயந்தரம் வந்ததும் மொதல்ல பல்பப் பாப்பாவ, அப்புறந்தான் என்னப் பாப்பாவ. எப்படிச் சொல்ல?

அந்தா, கடல்ல முன்னால வாரது பால்துரை வள்ளம். நீங்க வாசல்ல எறங்குனதும் அவனுக்குப் போன் போட்டேன். சிரிச்ச பய, வலைய நனைக்காம மத்த வள்ளத்தையும் கூட்டிக்கிட்டு வாரான். கயிறு மாட்டுதாவ. இந்தா, பல்பு கண்ணு முழிக்கி.

ஒங்க காலேஜுக்குப் பொய் எழுதச் சொல்லமாட்டேன் தம்பி. பகல்ல எரியாத கதைய நீங்களே அவுககிட்டப் பக்குவமாச் சொல்லுங்க, சாப்ட்டப்புறம். பைக் சத்தம் கேக்கு, அவுகதான். உள்ள வரும்போது மட்டும் என்னப் பாக்காதீங்க, பல்பப் பாருங்க.