கண்மாய்க்குள் கிடைத்த தாலி

உசிலம்பட்டியிலிருந்து சிம்மக்கல் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"கண்மாய்ல விழுந்த என் தாலி கிடைச்சிருச்சுக்கா," என்றாள் இளையவள், இழவு சொல்வதுபோல.

"அம்புட்டுத் தண்ணிக்குள்ள எப்புடிடீ?"

"எங்கண்ணே, தண்ணிக்குள்ள நகை தேடுற மிசினை வாடகைக்கு எடுத்துட்டு வந்து, கழுத்தளவுத் தண்ணியில ரெண்டு நாளாத் தேடுனாரு. அது கத்துன இடத்துல முங்கி எடுத்துட்டாரு."

"நல்லதுதானடீ. மூஞ்சிய ஏன் இப்புடி வச்சிருக்க?"

"குளிக்கையில விழுந்துச்சுன்னு சொன்னது பொய்க்கா. எம்புருசன் அடிச்ச அடியில நான்தான் கழட்டி எறிஞ்சேன்."



"அதை அண்ணன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானடீ?"

"சொல்லிட்டேன். இம்புட்டுத் தண்ணிக்குள்ள கிடைச்சதே சாமி உத்தரவுங்கிறாரு. என்னைய அந்தாளு வீட்டுல விடத்தான், அந்தா, கடைசி சீட்டுல உக்காந்து வாராரு."