மிஷினுக்குப் போகாத துண்டு

கத்தாதண்ணா, உக்காரு. கண்ணு கரிக்குதா? துண்டு அழுகாம இருக்க ஊத்துற ஃபார்மலின் அப்படித்தான். இந்த லேப்ல கண்ணு கலங்கினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

முடியாது. அந்த டப்பாவை நான் தூக்கிப் போட மாட்டேன். அதுல இருக்கிறது நம்ம தங்கச்சியோட நுரையீரல் துண்டு. போடுன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?

ஆமா, மொதல் ரிப்போர்ட்ல நுரையீரல்ல கோளாறு ஒண்ணுமில்லன்னுதான் வந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே அவ புருஷன் மூச்சை அமுக்கிக் கொன்னுட்டான்னு சொல்லி, அவனை உள்ள தள்ளிட்ட? இங்க வர்ற துண்டை எல்லாம் ஒரு மிஷின்ல போடுவோம். ஸ்பிரிட்ல ஊறும், சைலீன்ல ஊறும், அப்புறம் மெழுகு. மெழுகுல இறுகினாத்தான் மெலிசா சீவ வரும். ஆனா போற வழியில கொழுப்பு மொத்தமா கரைஞ்சு போயிடும். எண்ணெய்ச் சட்டியைத் தேச்சுக் கழுவிட்டு, இதுல எண்ணெயே ஊத்தலன்னு சொல்ற கதைதான். சொந்தக்காரின்னு என்னைக் கிட்டவே விடல. கூட வேலை பாக்குறவ பழக்க தோஷத்துல மிஷின்ல போட்டுட்டா. ரத்தக்குழாய்க்குள்ள ஓட்டை ஓட்டையா தெரிஞ்சுது. அதைத்தான் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்க.

லீவு முடிஞ்சு வந்த டாக்டரம்மாவுக்கு அந்த ஓட்டை உறுத்துச்சு. கால் வழுக்கி மாடிப்படியில உருண்டு தொடை எலும்பு ஒடஞ்சவ, மறுநாள் மூச்சுத் திணறிப் போயிருக்கா. எலும்புக்குள்ள இருக்கிற கொழுப்பு ரத்தத்துல ஏறி நுரையீரலை அடைக்கும்ணா. மிஷினுக்குப் போகாத துண்டு ஒண்ணு டப்பாவுல மிச்சம் இருந்துச்சு. அதை உறைய வெச்சு சீவி, கொழுப்புல மட்டும் ஏறுற சிவப்புச் சாயத்தை ஊத்தினாங்க.

என்னது, நான் ஏதோ பண்ணிட்டேனா? நல்லா இருக்கே! ஒரு விரல் வைக்கல. எல்லாரும் பாத்தப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாங்க. எத்தனை வருஷமா அடுத்தவங்க உடம்பைப் பாத்துட்டே சோறு திங்கிறவ நான். அன்னிக்கு லென்ஸ்ல கண்ணை வெச்சா, குழாய் குழாயா செக்கச்செவேல்னு அடைச்சுக்கிட்டு நிக்குது. அவ இழுத்த ஒவ்வொரு மூச்சும் அங்கதான் முட்டிக்கிட்டு நின்னிருக்கு. அங்கயே அழுதேன். நீ ஆளைத் தேடிக்கிட்டு இருக்க, அங்க ஆளே இல்ல.

அவனுக்கு வக்காலத்தா? எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. கல்யாணத்தப்பவே வேண்டாம்னு குதிச்சவ நான்தான், மறந்துட்டியா? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே குடும்பம் நடத்தினவன். ஆனா மூஞ்சி பிடிக்கலன்னு ஒருத்தனைக் கொலைகாரன் ஆக்க முடியுமா?

அம்மா என்ன சொன்னாங்க? வாசப்படி மிதிக்க வேண்டாம்னா? சரி, மிதிக்கல. அவங்களுக்கு மண்ணை வாரித் தூத்த ஒருத்தன் வேணும். எனக்கும்தான் வேணும்ணா. எனக்கு மட்டும் வயிறு எரியலையா?

அந்த டப்பாவைப் போட்டாலும் உனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. புது ரிப்போர்ட் போன வாரமே கோர்ட்டுக்குப் போயாச்சு.

தள்ளு, பையை எடுக்கணும். இன்னிக்கு அவனை வெளிய விடுறாங்க. கூட்டிட்டு வர அவனுக்கு வேற யாரு இருக்கா? நான்தான் போறேன்.