குப்பையில்லா வார்டு

இல்லைங்க சார், எடம் மாறி வரல. உரக் கொட்டகை இதுதான். உரத்தக் காணுமேன்னுதான பாக்குறீங்க? சொல்றேன், உக்காருங்க. சுவத்துல சாயாதீங்க, பெயிண்ட் இன்னும் காயல.

எம் பேரு சபிஹா. இந்த வார்டு குப்பைக் குழுவுல மக்கள் பிரதிநிதி. அதாவது, போட்டோ எடுக்குறப்ப ஓரமா நிக்கிறது. தலைவி, கவுன்சிலர் ஷோபனா. ஆனா கவுன்சிலரேன்னு கூப்ட்டா திரும்புறது அவங்க வீட்டுக்காரர் ரெங்கசாமி. இப்ப ஒங்களுக்கு மாலை போட்டுக் கூட்டியாந்தாரே, அவரேதான். சாப்பாட்டுக்குச் சொல்லப் போயிருக்காரு. பிரியாணி நல்லாருக்கும், கவலப்படாதீங்க.

மொதல்ல வீட்டுக்கு ரெண்டு கூடை குடுத்தாங்க. மக்குற குப்ப ஒண்ணுல, மக்காதது ஒண்ணுல. நாங்களும் மீன் செதில ஒண்ணுல போட்டு, பால் கவர கழுவி ஒண்ணுல போட்டோம். வண்டி வந்துச்சு, ரெண்டையும் ஒரே தொட்டியில கவுத்துட்டுப் போயிருச்சு. கூட்டத்துல கேட்டேன். பிரிக்கிறது மக்கள் பொறுப்பும்மா, சேக்குறது நிர்வாகத்தோட பொறுப்புன்னாரு ரெங்கசாமி. எவ்ளோ தெளிவான ஆளு பாருங்க.

அதோட வண்டிக்கு மக்குற குப்பையக் குடுக்குறத விட்டோம். எங்க தெரு பொம்பளைங்களும் கீழத்தெரு பொன்னுத்தாயும் சேந்து இங்க அத மக்க வச்சு உரமாக்குனோம். கோடக் காலம் முழுக்க புழுவும் ஈயும்தான். பொன்னுத்தாய்தான் மொகம் சுளிக்காம கெளறிக்கிட்டே இருப்பா. மூக்கப் பொத்திக்கிட்டுப் போனவங்கல்லாம் ஒரு நாளு நின்னு, என்னாங்க, மழ பேஞ்ச மண்ணு மாதிரி வாசன வருதேன்னாங்க. அவ அழுதுட்டா சார். நானுந்தான்.

போன வாரம் நீங்க வர்றதா சேதி வந்துச்சு. குப்பையில்லா வார்டுக்குப் பரிசாம்ல. அப்பத்தான் ரெங்கசாமி இங்கிட்டு எட்டிப் பாத்தாரு. என்னம்மா, இவ்ளோ குப்பன்னாரு. உரம்ங்கன்னேன். பேரு எதுவா இருந்தா என்ன, பாக்கக் குப்ப மாதிரிதான இருக்குன்னாரு. நேத்து ஆள விட்டு தெருக் குப்பையையும் எங்க உரத்தையும் ஒரே லாரியில அள்ளியாச்சு. பொன்னுத்தாய் லாரிக்கு முன்னால போயி நின்னா. இழுத்துத் தள்ளிட்டாங்க. முட்டி ரெண்டும் பேந்துருச்சு. அப்புறம்தான் அந்த சுவத்துல எழுதுனாங்க, மக்கள் பங்கேற்பே வெற்றின்னு. எழுத்து அழகாருக்குல்ல?

எங்க கொட்டுனாங்களா? நல்ல கேள்வி சார். எல்லையத் தாண்டிட்டா அது நம்ம வார்டு குப்ப இல்லியே. காத்தால வைரக்கண்ணு போன் பண்ணுனாரு. பக்கத்து ஊரு விவசாயி, நம்மகிட்ட உரம் எடுக்குறவரு. வாய்க்கா மதகு மொத்தமா நம்ம குப்பையில அடச்சுப்போயி, நாத்தங்காலுக்குத் தண்ணி ஏறலயாம். இடுப்பளவு தண்ணியில எறங்கி அள்ளிக்கிட்டிருக்கேன்னாரு. நாத்து கருகிட்டா இந்த வருசம் அவருக்கு சம்பா கெடையாது. அந்த ஆத்திரத்துலயும் கத்தல சார், யக்கா, இத நான் எங்க கொண்டு போயிப் போடுறதுன்னுதான் கேட்டாரு.

எங்கயும் போட வேணாம் தம்பி, எங்க குப்ப எங்களுக்கே வேணும்னுட்டேன்.

அட, எந்திரிக்காதீங்க. பரிசு குடுக்க வந்துட்டு குப்பையப் பாக்காமப் போனா எப்புடி? வைரக்கண்ணு அத அள்ளிப்போட்டு வர்ற டிராக்டரு ரயில்வே கேட்டத் தாண்டிருச்சாம், பொன்னுத்தாய் கூடத்தான் வர்றா. ஒங்க டிரைவர மட்டும் காரக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க சார். அந்த எடத்துலதான் கொட்டணும்.